குமுதா தனியாக எடுத்த பால்குடம்

சம்பளம் கூடினால் நன்றாகத் தூக்கம் வரும் என்று நினைப்பவர்கள் குமுதாவை வந்து பார்க்க வேண்டும். கூடிய நாளிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, கண்ணும் மூடவில்லை.

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடைவீட்டு மாடி ஒன்றில் இருந்தது அவள் வேலை செய்யும் சரக்கு ஏஜென்சி. கப்பலில் வந்திறங்கும் சாமான்களுக்குக் கஸ்டம்ஸ் பத்திரங்கள் தயார் செய்கிற வேலை. அங்கே தமிழ்ப் பெண்கள் மூன்று பேர். மூத்தவள் இராஜம்மா, பேரன் எடுக்கப் போகிறவள். இளையவள் வாணி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்து லீவு போடுகிறவள். நடுவில் நம் குமுதா. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊரே ஓய்ந்துவிட்டது.

பண்டமாரானில் அம்மாவோடு இருந்தாள். அம்மா போன பிறகு அதே வீட்டில் தொலைக்காட்சியோடு இருக்கிறாள். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, ஜொகூரில். தீபாவளிக்குத் தவறாமல் வாட்ஸ்அப்பில் விளக்குப் படம் அனுப்பும் உத்தமன். சாப்பிட்டாயா என்று கேட்க அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஆபீஸ் மதியச் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். மூன்று டப்பாவையும் நடுவில் திறந்து வைத்துவிட்டால் யாருடைய குழம்பு யாருடையது என்று தெரியாது. சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிட்டது. போகவில்லை. அங்கே மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று யோசித்தாள், அவ்வளவுதான் காரணம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளி மிஸ்டர் டான் சம்பளம் ஏற்றி வருடக்கணக்காகிவிட்டது. கோவிட் போயும் அவர் சொல்லும் கோவிட் சாக்குப் போகவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இராஜம்மாதான் சொன்னாள்.

"இந்த வருஷம் மட்டும் நல்லா ஏத்தி விட்டுட்டான்னா, பங்குனி உத்திரத்துக்கு மூணு பேரும் பால்குடம் எடுக்கலாம்டி. எந்த முருகன் கோயிலா இருந்தாலும் சரி."

"மூணு பேரும் ஒரே கலர் சேலைக்கா!" என்றாள் வாணி.

குமுதா சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மற்ற இருவரும் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். அவள் விளையாட்டாகக் கும்பிடவில்லை.

சம்பள உயர்வுக் கடிதம் வந்தது. வாணிக்கு மாதம் ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது ரிங்கிட். இராஜம்மாவுக்கு ஐம்பது வெள்ளி. குமுதாவை மட்டும் மிஸ்டர் டான் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கையில் கொடுத்தார். முந்நூற்றைம்பது. சுபாங் ஜெயா சமாச்சாரம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

வெளியே வந்தவளை வாணி பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எவ்ளோக்கா?"

"அதேதான்லா" என்றாள் குமுதா.

அந்த ஒரு வார்த்தைதான். யோசித்துச் சொன்னதுகூட இல்லை, வாயில் வந்துவிட்டது. இரண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்போது வேறு எதைச் சொல்வது?

"அம்பது வெள்ளிக்கெல்லாம் முருகன் பால்குடம் கேக்க மாட்டான், போ. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று இராஜம்மா வேண்டுதலைத் தள்ளி வைத்தாள்.

அவர்கள் தள்ளி வைக்கலாம். குமுதா எப்படித் தள்ளி வைப்பாள்? மிஸ்டர் டான் கதவைச் சாத்தினால் வாணிக்குத் தெரியாது, முருகனுக்குத் தெரியாதா? கேட்டதைக் கொடுத்துவிட்டான். எடுக்காவிட்டால் சாமி குத்தம். எடுத்தால் இவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த மேசையில் அவளுக்கு இடம் இருக்காது.

சரி, ஓசைப்படாமல் எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். இங்கேதான் அந்தப் புத்திசாலி ஒன்றை மறந்துபோனாள். பால்குடம் என்றால் விரதம். விரதம் என்றால் சைவம். தினமும் நெத்திலி சம்பல் கொண்டுவருகிறவள் திடீரென்று பயற்றங்காய்ப் பிரட்டலோடு வந்து உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர்களுக்குக் கண் இல்லையா?

"என்னக்கா, சாமியாரா போறீங்களா?" என்றாள் வாணி.

"கொலஸ்ட்ரால். டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் தொடக்கூடாதுன்னுட்டாரு."

இராஜம்மா பதறிவிட்டாள். அம்மா இல்லாத பிள்ளை, யார் பார்ப்பார்கள் என்று அவளுக்கு. மறுநாளே தன் டப்பாவில் மீனை நிறுத்தினாள். "நீ பாத்துக்கிட்டு இருக்க, எங்களுக்கு மட்டும் தொண்டையில எறங்குமா?" என்று வாணியையும் அதட்டி நிறுத்த வைத்தாள். கீரை வந்தது, பருப்பு வந்தது, பூசணிக்காய் வந்தது. வாணி முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள். ஆக, குமுதாவின் விரதத்தை மூன்று பேரும் இருந்தார்கள். இரண்டு பேருக்கு அது தெரியாது. தட்டில் கீரையைப் போட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கடி, ஒடம்புக்கு நல்லது" என்று இராஜம்மா சொல்லும் ஒவ்வொரு தடவையும் குமுதாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறப்பாள், கீரையை அள்ளிப் போட்டுக்கொண்டு மூடிவிடுவாள்.

பங்குனி உத்திரம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. குமுதா அன்று கிள்ளான் பக்கமே தலைகாட்டவில்லை. தெரிந்த முகம் இருக்காது என்று கேரித் தீவுக்குப் போனாள். செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒரு தோட்டத்துக் கோயில். அங்கே எல்லாரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். குடம் எடுப்பது ஒருத்தி என்றால், தூக்கிவிட ஒருத்தி, விசிறிவிட ஒருத்தி, செருப்பைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி. குமுதா குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கூட யாரும் வரலியாம்மா?" என்று கேட்டு, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் குடத்தைத் தலையில் தூக்கி வைத்தாள். அம்மா செத்தபோதுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அன்றைக்கு இராஜம்மாவும் வாணியும் வீட்டோடு வந்து இருந்தார்கள்.

பால் ஊற்றியாயிற்று. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பந்தலில் வரிசையில் நின்றாள். முறை வந்தது. ரோஸ் சிரப்பை மொண்டு நீட்டிய கை இராஜம்மாவுடையது.

போன வருடம் மகளை இந்தப் பந்திங் பக்கம் கட்டிக்கொடுத்தேன் என்று இராஜம்மா சொல்லியிருக்கிறாள். சம்பந்தி வீடு இந்தத் தோட்டம்தான் என்று குமுதா கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இராஜம்மா குமுதாவின் மஞ்சள் சேலையைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் அல்ல.

"எவ்ளோடி?"

"முன்னூத்தம்பதுக்கா."

திட்டுவாள் என்று குமுதா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இராஜம்மா திட்டவில்லை. "நல்லாரு" என்றாள். அதை மனதாரத்தான் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பால் ஊத்தறப்ப, எங்க ரெண்டு பேருக்கும் சேத்து வேண்டிக்கிட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது ஒன்றும் பெரிய பொய் இல்லை. ஆனால் இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை.

"இல்லக்கா. யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னுதான் வழிநெடுக வேண்டிக்கிட்டு வந்தேன்."

இராஜம்மா தலையை ஆட்டினாள். குமுதாவின் கையிலிருந்த காலி கிளாஸை வாங்கிக் கழுவினாள். நிதானமாகக் கழுவினாள். பிறகு அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவளைப் பார்த்து, "வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்று அடுத்த கிளாஸை நிரப்பினாள்.