வேலு நட்ட கல்

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குடியிருப்பவனைக் காலிசெய்யச் சொல்வதற்கு முன்னால், வாசலில் மரம் நிற்கிறதா என்று பாருங்கள்.

தங்காக் ஊரில் அத்தாப்பு ஓலை வேய்ந்த என் வீட்டில் வேலு என்பவன் குடியிருந்தான். உள்ளறையில் ஆடுகளைக் கட்டி, பலகைச் சுவரையெல்லாம் நாறடித்துவிட்டான். மாதக் கடைசிக்குள் காலிசெய்யச் சொன்னேன். தலையாட்டினான், நகரவில்லை.

கூரையைப் பிரித்தால் போய்விடுவான் என்று இரண்டு ஆட்களோடு போனேன். வாசல் மரத்தடியில் ஒரு கல் நட்டிருந்தான். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தான்.

"முனியாண்டி கனவுல வந்து, இங்கதான் இருப்பேன்னு சொல்லிட்டாருங்க," என்றான்.

"ஆத்துல கெடந்த கல்லுடா இது."

"அப்ப நீங்களே புடுங்கிப் போட்டுருங்க மொதலாளி."

நான் கூட்டிப்போன ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். நான் குனிந்தேன். கை போகவில்லை. போகாது என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது.

மறுவருஷம் வேலு தானாகவே மெர்சிங்குக்குப் போய்விட்டான். ஆடுகளை ஓட்டிப் போனவன், கல்லை விட்டுப் போனான். வெள்ளிக்கிழமை தவறாமல் நான்தான் அதற்கு விளக்கேற்றுகிறேன், அவனைத் திட்டிக்கொண்டே.