மாற்ற மறந்த மழை

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு டேவிட் வீட்டில் எனக்குப் பிரியாணி விருந்து. காரணம்? ஒரு மழை!

முதலிலிருந்து சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன், விடிந்தும் விடியாததுமாக இதே டேவிட் ஓடிவந்தார். எங்கள் கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகை கம்பெனியில் பாய்லர் பார்ப்பவர். லேசில் பதறுகிற ஆள் இல்லை.

“சார், பாப்பா காப்பி அடிச்சிட்டான்றாங்களாம். நேத்து நைட்லேர்ந்து துன்னாம கதவ சாத்திக்கினு அழுவுது. நீங்க வந்து இன்னான்னு கேளுங்க சார்.”

பாப்பா என்றால் அவர் மகள் எஸ்தர். தாத்தா காலம் வரை வயல் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் டாக்டர் ஆகப்போகிறவள். எளாவூர் செக்போஸ்ட்டில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் புகை, பக்கத்து நெல்வயலை என்ன செய்கிறது? இதுதான் அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. வரப்பு வரப்பாக நடந்து இலை பறித்த பெண் — காப்பியடித்தாளா?

போய்க் கேட்டேன். காப்பியைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் அவள் தீசிஸைப் போட்டிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகச் சிவப்பு! அதே வரிகள், யாரோ ஒருவர் பெயரில், ஒரு ஜர்னலில் ஏற்கெனவே வந்துவிட்டன. ஒரு கருத்தரங்கில் கேட்டவர்களுக்கெல்லாம் தன் கட்டுரையை ஆசையாகக் கொடுத்திருக்கிறாள் எஸ்தர். அதில் யாரோ கைவரிசையைக் காட்டிவிட்டார்.

அவளுடைய கைடு ஒரு யோசனை சொன்னாராம். “அங்கங்க வார்த்தைய மாத்திப் போட்டுடும்மா. சிவப்பு போயிடும், டிகிரியும் வந்துடும்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நம் வீட்டுக்குள் போக நாமே சுவரேறிக் குதிக்க வேண்டுமா?

“நான் எழுதுனத நான் எதுக்கு அங்கிள் ஒளிக்கணும்?” என்றாள் எஸ்தர். அழுகை நின்றிருந்தது.

அந்தத் திருட்டுக் கட்டுரையை இருவரும் திறந்தோம். எளாவூர், வடக்கே பாலைவனத்தை ஒட்டிய ஏதோ ஓர் ஊராகியிருந்தது. நெல், கோதுமையாகியிருந்தது. தேர்ந்த கைதான்! இரண்டாம் பக்கத்திலேயே எனக்குக் கண் சொருகியது. திடீரென்று எஸ்தர் சிரித்தாள்.

“அங்கிள், இங்க பாருங்க... வடகிழக்குப் பருவமழைல வயல்ல தண்ணி நின்னுச்சாம், இலை எடுக்க முடியலையாம். அந்த ஊர்ல ஏது அங்கிள் நம்ம ஐப்பசி மழை?”

ஊரை மாற்றினார், பயிரை மாற்றினார், மழையை மறந்துவிட்டார். எப்படி ஞாபகம் இருக்கும்? நனைந்தது அவர் இல்லையே!

இதை விளக்கி, முழங்கால் சேற்றில் நின்று எடுத்த மொபைல் போட்டோக்களையும் சேர்த்து ஜர்னலுக்கு மெயில் போட்டாள். “பதில் வராதும்மா” என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. வந்தது! அந்த ஆசாமியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆள் மூச்சே விடவில்லை. கட்டுரையைத் தூக்கிவிட்டு, எஸ்தரிடம் மன்னிப்பும் கேட்டார்கள். கைடும் மனம் மாறி அவளுக்காகப் பல்கலைக்கழகத்தில் பேசினார். டிகிரியும் வந்துவிட்டது; அதற்குத்தான் அந்தப் பிரியாணி. உலகம் அப்படியொன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

“ஒரு வார்த்த கூட மாத்தாம குட்துட்டா சார் எம்பொண்ணு!” என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார் டேவிட். எனக்கே கண் கலங்கிவிட்டது.

“இதைப் பத்தி எழுதப்போறேன் எஸ்தர். உன் பேரை வேணா மாத்திடட்டுமா?”

“ஐயோ அங்கிள்! என் பேரு இல்லாம வந்து ஒரு தடவ நான் பட்ட பேஜாரு பத்தாதா? பேரப் போட்டே எழுதுங்க.”

போட்டுவிட்டேன் — டாக்டர் எஸ்தர், கும்மிடிப்பூண்டி!