எனக்கு முன்னால் போன பை: திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து இலஞ்சிக்கு

தென்காசிக்காரர்களுக்கு மூன்று விமான நிலையங்கள் உண்டு. மூன்றும் வேறு ஊர்களில் இருக்கின்றன. மதுரையில் இறங்கினால் முதலில் திருமங்கலம் போய், ராஜபாளையம் வழியாக வரும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. தூத்துக்குடி என்றால் வாகைக்குளத்தில் இறங்கி, பெட்டியோடு நெடுஞ்சாலை வரை நடந்து, கை காட்டிப் பேருந்தை நிறுத்தி, திருநெல்வேலியில் மாற வேண்டும். திருவனந்தபுரம்தான் இருப்பதில் கிட்டம். நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். ஆனால் நடுவில் மலை.

மூன்று வழியிலும் நான் வந்திருக்கிறேன், ஒருமுறைகூட டாக்சி பிடித்ததில்லை. மும்பையில் ஒரு மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. அடிக்கடி வெளியூர் போக வேண்டியிருக்கும். எந்த ஊரில் இறங்கினாலும் உள்ளூர்ப் பேருந்து எங்கே நிற்கும் என்று கண்டுபிடித்து ஊருக்குள் போய்விடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதனால்தான் என் தங்கை செண்பகத்தின் வீட்டுக்காரர் முருகேசன், "மச்சான், திருவனந்தபுரத்துக்குக் காரு அனுப்புதேன்" என்று சொன்னபோது மறுத்துவிட்டேன். "எதுக்கு மாப்ள தண்டச் செலவு? நூத்தி எழுவது ரூவால வந்து நிப்பேன்" என்றேன். குடும்பத்து வாட்ஸாப் குழுவில் வழியையும் கட்டணத்தையும் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆவணி முதல் ஞாயிறு, இலஞ்சி முருகன் கோயிலில் செண்பகத்தின் மகளுக்குக் காது குத்து. குழந்தைக்குப் பதினோரு மாதம். நல்ல நேரம் பத்தரை முதல் பதினொன்றரை வரை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அவளுக்கு நான் ஒரே அண்ணன், மாற்று ஆள் கிடையாது. தோடும் தாய்மாமன் சீர்தான். இறந்துபோன எங்கள் அம்மாவின் தோட்டை அழித்து, மும்பையில் நான் செய்து வாங்கிய சின்னத் தோடு அது.

காலை 5.25. விமானம் நேரத்துக்கு இறங்கியது. நான் நிம்மதியாக இருக்கிற ஆள் இல்லை. இறங்கி வெளியே வருவதற்குள் அடையாள அட்டையை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். தோட்டுப் பெட்டியை மும்பை பாதுகாப்புச் சோதனையில் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் துணிப் பையில் வைத்திருந்தேன். திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

வெளியே டாக்சிக்காரர் தென்காசிக்கு மூவாயிரத்து எண்ணூறு கேட்டார். தம்பானூர் பேருந்து நிலையம் வரைக்கும் மட்டும் என்றால் நானூறு. ஆட்டோவுக்கு நூற்றெண்பது. இவர்களை எல்லாம் தாண்டி, ஷங்குமுகம் கடற்கரைச் சாலை வரை நடந்தால் கிழக்கேகோட்டைக்குப் பேருந்து வரும். நான் கொடுத்தது பதினைந்து ரூபாய். கிழக்கேகோட்டையிலிருந்து தம்பானூருக்குப் பதினைந்து நிமிட நடை. வழி கேட்கவே வேண்டாம், ரயில் நிலையத்தைக் குறி வைத்து நடந்தால் போதும்.

6.25. தம்பானூர். தென்காசிப் பேருந்து நின்றிருந்தது. குற்றால சீசன் ஆகையால் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. எங்கள் ஊரில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். ஜன்னல் வழியாகப் பையை உள்ளே போட்டு இடம் பிடித்தேன். முன் இருக்கையில், காலிப் பூக்கூடைகள் மூன்றை அடுக்கிக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். திரும்பிப் பையைப் பார்த்தார்.

"ஆளு இருக்கா அண்ணாச்சி?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் வீடு வந்து சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

"நான்தான் அக்கா. ஒரு டீ குடிச்சிட்டு வந்துருதேன்."

"போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

தென்காசியில் ஒரு இருக்கையில் பை கிடந்தால் அதற்கு ஆள் வரும் என்று நடத்துனர் உட்பட எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநர் எஞ்சினை உறுமவிட்டுப் பத்து நிமிடம் பயம் காட்டுவார், போக மாட்டார். டீக்கடைக்கும் கழிப்பறை வரிசைக்கும் அந்த நம்பிக்கையில்தான் போனேன். நான் திரும்பி வந்தபோது மணி 6.47. பேருந்து நின்ற இடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

விசாரணை ஜன்னலுக்கு ஓடினேன். உள்ளே இருந்தவர் நிதானமாகக் கடிகாரத்தைக் காட்டினார். "ஆறே முக்கால். சமயத்துக்குப் போயல்லோ."

அவர் மேல் தப்பே இல்லை. சொன்ன நேரத்துக்குப் பேருந்து புறப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த தென்காசி வண்டி எட்டு மணிக்கு மேல்தான் என்றார். "குளத்துப்புழை வண்டியில் கேறிக்கோ. அவிடெந்து தென்மலை, பின்னே செங்கோட்டை." அவர் சொன்ன வண்டியில் ஏறினேன், அது ஏழு ஐந்துக்குப் புறப்பட்டது. கையில் செல்பேசியும் பணப்பையும் மட்டும் இருந்தன. படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், முன்னால் போகிற எந்தப் பேருந்தின் முதுகாவது தெரிகிறதா என்று பார்ப்பதற்காக.

7.50. நெடுமங்காடு. நிலையத்துக்குள் வண்டி நின்ற மூன்று நிமிடத்தில் குதித்து இறங்கி எல்லாத் தடத்திலும் தேடினேன். தென்காசி வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. அப்போது செண்பகத்திடமிருந்து அழைப்பு.

"எண்ணே, எங்கன வருத?"

"வந்துக்கிட்டே இருக்கேன் ட்டி. பாலோடு தாண்டியாச்சு."

பாலோடு என்கிற ஊர் இன்னும் வரவேயில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் உடனே ஏதாவது செய்திருக்கலாம். ஆனால் காரை மறுத்ததும், வாட்ஸாப்பில் எழுதியதும் சொல்ல விடவில்லை. மூவாயிரத்து எண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அம்மாவின் தோட்டைத் தொலைத்தவன் என்று காலத்துக்கும் பெயர் எடுக்கப் போகிறேன் என்று நினைத்தபோது, நிஜமாகவே கண் கலங்கியது. பாலோடு, மடத்தறை என்று ஊர்கள் வந்தன. ரப்பர் தோட்டங்கள் அழகாக இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை.

9.05. குளத்துப்புழை. இறங்கிய இடத்திலேயே நின்று செண்பகத்துக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணு சொல்லுதேன், திட்டாத. தோடு முன்னால ஒரு பஸ்ல போவுது. நான் பின்னால வேற பஸ்ல வாரேன்."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தார்கள். "அம்மா தோடாண்ணே?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. செல்பேசி முருகேசன் கைக்குப் போனது.

"மச்சான், நான் இப்பமே பைக்க எடுத்துட்டுப் போயி இலஞ்சி விலக்கு ரோட்டுல நின்னு பஸ்ஸ மறிக்கேன். பை என்ன கலரு?"

"நீலம் மாப்ள. கைப்பிடில மஞ்சக் கயிறு கட்டிருக்கும். கடைசிக்கு ரெண்டாவது சீட்டு."

9.45. தென்மலையில் செங்கோட்டை வண்டி கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. பக்கத்தில் கொல்லத்துக்காரர் ஒருவர், குளிக்கவே புறப்பட்டு வந்தவர், தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக இருந்தார். "ஐந்தருவியில் இன்னு குளிக்கான் விடுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இரண்டு நிமிடம் கழித்து, பெரிய அருவியில் விடுவார்களா என்றார். அதுவும் தெரியாது என்றேன். குற்றாலத்துக்கு அடுத்த ஊர்க்காரனுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று அவர் வருத்தப்பட்டிருக்கலாம்.

பதின்மூன்று கண் ரயில் பாலம் தெரிந்தபோது மணி பத்து பத்து. முருகேசன் கூப்பிட்டார்.

"மச்சான், பஸ்ஸு வந்துட்டு. பை இல்ல. கண்டக்டர்ட்ட கேட்டேன். செங்கோட்டைல பூக்கூடைக்காரப் பொம்பள ஒண்ணு எறக்கிட்டுப் போச்சாம்."

மேலே கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. மலை முடியும் வரை திரும்ப வரவில்லை.

அடுத்த அரை மணி நேரத்தை நான் மறைக்கப் போவதில்லை. அந்த அம்மாளைத் திருடி என்றே முடிவு கட்டிவிட்டேன். நான் பாத்துக்கிடுதேன் என்று அவர் சொன்ன தினுசில் அப்போதே ஒரு கள்ளம் இருந்ததாக இப்போது தோன்றியது. செங்கோட்டைக் காவல் நிலையத்தில் எப்படி எழுதிக் கொடுப்பது, மூன்று கூடை, ஐம்பது வயது, கண்டாங்கிச் சேலை என்று வாக்கியம்கூட அமைத்துக்கொண்டேன். ஆரியங்காவு போனது. மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு சாரல் முகத்தில் அடித்தது. கொல்லத்துக்காரர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார். கீழே புளியரை வயல்கள் பச்சையாகக் கிடந்தன. எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தியா எனக்கு இப்படிச் செய்தாள் என்றுதான் மனம் திரும்பத் திரும்பப் போனது.

10.45. செங்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே பார்த்தேன். கூட்டத்துக்கு மேலே, இரண்டு கைகளில் தூக்கிப் பிடித்தபடி, மஞ்சள் கயிறு கட்டிய நீலப் பை. கீழே அந்த அம்மாள். வண்டியின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேராகப் பையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டேன்.

"எங்க அண்ணாச்சி போனிய? நான் கண்டக்டர்ட்ட சொல்லுதேன், ஆளு இருக்கு, ஆளு இருக்குன்னு. யாருங்காரு. பேரு தெரியாதுல்லா. மணியப் பாத்தாரு, வண்டிய எடுக்கச் சொல்லிட்டாரு. நெடுமங்காடு வரைக்கும் ஒருத்தரையும் அதுல உக்கார விடல நான். பொறவு மடில வச்சிக்கிட்டேன்."

"தொறந்து பாத்திருந்தா வீட்டு நம்பரு இருந்திருக்குமே அக்கா."

"அடுத்த ஆளு பையத் தொறக்கப்பிடாதுல்லா. பஸ்ஸ விட்டவரு பின்னால வார வண்டிலதான வரணும், இங்கன எறங்கித்தான ஆவணும்னு நின்னேன்."

அவர் பெயர் பேச்சியம்மாள். சுந்தரபாண்டியபுரத்துக்காரர். திருவனந்தபுரம் சந்தையில் பூவைப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர். ஊருக்குப் போகிற அவருடைய பேருந்து ஒன்று ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"ஒரு மணி நேரமாவா இங்கன நிக்கிய?"

"என்ன செய்ய? ஆளு இருக்குன்னு சொல்லிட்டுப் போனியள்லா."

வெட்கமாக இருந்தது. காவல் நிலையத்துக்கு நான் எழுதிய வாக்கியம் இன்னும் தலைக்குள் இருந்தது. காது குத்து, தோடு, பதினொன்றரை என்று உளறினேன். பையை வாங்கக் கை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து இலஞ்சி வழியாகப் போகும் நகரப் பேருந்து உள்ளே நுழைந்தது. கூட்டம் வாசலை நோக்கிப் பாய்ந்தது. பேச்சியம்மாள் என்னைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து, ஜன்னல் வழியாக என் பையை உள்ளே போட்டார்.

"சீட்டு போட்டாச்சு. ஏறுங்க அண்ணாச்சி."

அந்தக் கூட்டத்தில் நான் ஏறிய வேகத்தில் இதற்கு முன் ஏறியதில்லை, இனியும் முடியாது. இருக்கையில் பை இருந்தது. திறந்து பார்த்தேன். வேட்டிக்கு நடுவில் பெட்டி, பெட்டிக்குள் தோடு. ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குள் பேருந்து திரும்பிவிட்டது. நன்றி சொன்னேனா என்று இப்போதும் உறுதியாகத் தெரியவில்லை.

11.10. இலஞ்சி. வேட்டி மாற்ற நேரமில்லை, முந்திய நாள் போட்ட பேண்ட்டோடு உட்கார்ந்தேன். ஆசாரி குத்தினார், குழந்தை வீரிட்டாள், என் சட்டையை நனைத்தாள். செண்பகம் தோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முருகேசன், "நூத்தி எழுவது ரூவாய்க்கு நல்லாத்தான் சுத்திக் காமிச்சிய மச்சான்" என்றார். மலைப்பாதையில் பேருந்து மாறி மாறி ஏறியதில் மொத்தம் இருநூற்றிரண்டு ஆகியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

மாலை ஐந்தருவிக்குப் போனோம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நகரப் பேருந்து போதும், சீசனில் ஷேர் ஆட்டோவும் ஓடும். குளிக்க அனுமதி இருந்தது. எல்லாரும் உடைகளையும் செல்பேசிகளையும் யாரோ ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, "பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போனார்கள். நான் மட்டும் நனையாமல் உட்கார்ந்து எல்லாப் பைகளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். கொல்லத்துக்காரர் தலை நிறைய எண்ணெயோடு போகும்போது எனக்குக் கை காட்டினார்.

மறுநாள் காலை தென்காசியில் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறினேன். பை மடியில், கைப்பிடி மணிக்கட்டில். மும்பையில் காலி இருக்கையில் ஒரு பை தனியாகக் கிடந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து தள்ளி நிற்பார்கள், யாராவது காவலரைக் கூப்பிடுவார்கள். அந்தப் பயம் எனக்கும் பழகிப்போனது, அதைக் குறை சொல்லவும் மாட்டேன்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. யார் போட்டது என்று தெரியாது. ஏறியவர்கள் ஒவ்வொருவராகத் துண்டைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். நேரம் ஆகிவிட்டது. நடத்துனர் மணிக் கயிற்றில் கை வைத்தார்.

நான் எழுந்து நின்றேன். "நிறுத்துங்க. இங்கன ஆளு இருக்கு."

"யாரு?"

"தெரியாது. ஆனா வருவாவ."

விமானத்துக்கு எனக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. நடத்துனர் என்னையும் துண்டையும் பார்த்தார். டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். ஏறினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. செங்கோட்டை வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.