நானூறு இலைக்குள் ஒரு கல்யாணம்

மகள் கல்யாணத்துக்கு நானூறு இலை என்று நானும் என் வீட்டுக்காரியும் முடிவு செய்திருந்தோம். மண்டபமும் நகையும் புடவையும் ஓரளவு நம் கைக்குள் நிற்கும். சாப்பாடுதான் நிற்காது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். லாரி டிரைவர்களும் உப்பளத்து ஆட்களும்தான் வாடிக்கை. அந்தக் கடையில் சேர்த்தது நானூறு இலைக்குக் காணும். அதற்கு மேல் ஒரு பந்தி கூடினாலும் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டும். என் அப்பா, அக்கா கல்யாணத்துக்கு அடகு வைத்த பத்திரத்தை மீட்காமலேயே கண்ணை மூடினார். மீட்டது நான். என் வாலிபம் முழுக்க அந்த வட்டிக்கே போயிற்று. அதனால் இது ஒன்றை மட்டும் செய்வதில்லை என்று திருச்செந்தூரில் முருகன் முன்னால் நின்று சொல்லியிருந்தேன்.

பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைக்கச் சாத்தான்குளம் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போனேன். அங்கே கோயில், வரி கொடுக்கிற குடும்பங்களுக்கெல்லாம் பொது. நானும் வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கட்டுகிறவன்தான். ஆனால் சின்ன வயதிலேயே கடை வேலைக்கு வந்துவிட்டதால் ஊர் முறைகள் எனக்கு அத்தனை தெரியாது.

வெறும் பத்திரிகையைச் சாமி முன்னால் வைக்க மனசு வரவில்லை. அங்கேயே ஒரு தட்டு வாங்கி, வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் அடுக்கி, அதன் மேல் பத்திரிகையை வைத்துப் பூசாரியிடம் கொடுத்தேன். கண்ணை மூடி, எல்லாம் சுருக்கமாக நல்லபடி முடிய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது தலைக்கு மேல் மைக் பேசுகிறது. கோயில் கணக்கு பார்க்கிற அண்ணாச்சி, எனக்குப் பெரியப்பா மகன் முறை, பத்திரிகையை முழுசாக வாசித்துவிட்டு, "வரிக்காரங்க எல்லாரும் குடும்பத்தோட வந்து கல்யாணத்தைச் சிறப்பிச்சுத் தரணும்னு கேட்டுக்கிடுதோம்" என்று முடித்தார்.

கண்ணைத் திறந்து அவரிடம் ஓடினேன். "என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"என்னலே, தட்டோட வச்சா ஊரழைப்பு. வெறும் பத்திரிகைன்னா சாமிக்கு மட்டும். இது தெரியாமலா இவ்வளவு நாளா வரி கெட்டுத?" என்று சிரித்தார். "பட்டணத்துக்காரன் பந்தி எப்படின்னு பாத்திருவோம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி கையிலிருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "சாமிக்கு வைக்கப் போன மனுசன் ஊரையே கூட்டிட்டு வந்திருக்கியளே. எத்தனை குடும்பம்னு கேட்டியளா?" என்றாள்.

"கேக்கல."

"அதையும் மைக்குல கேட்டிருக்கலாம்லா."

குடும்பங்களை விசாரித்துக் கணக்குப் போட்டால், எப்படிக் குறைத்தாலும் எழுநூறு இலைக்குக் கீழே வரவில்லை. பாயசம் ஒன்று போதும் என்றோம். ஐஸ்கிரீமை எடுத்தோம். செண்டை மேளத்தை எடுத்தோம். போட்டோக்காரரிடம் ஆல்பம் ஒன்று போதும் என்றோம். எதை எடுத்தாலும் அது நூறு இலைக்குக்கூட ஈடாகவில்லை. சமையல்காரரோ, "ரசத்தைக் கூட்டி ஊத்தலாம் அண்ணாச்சி, ஆளைக் கொறைக்க முடியாதுல்லா" என்று தமாஷ் பண்ணுகிறார். கடையில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கும்போதுகூட எரிச்சலாக வந்தது. சாமிக்கு ஒரு பழம் வைத்ததற்கா இது என்று ஒரு நாள் விளக்கேற்றும்போது வாய்விட்டே கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

கடைசியில், வேறு வழியில்லை, பத்திரத்தை வைத்துவிடுவோம் என்று நானே சொன்னேன். அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "பத்திரத்தை வச்சா நான் மணவறையில உக்கார மாட்டேன்பா. மைக்குல வந்தத மைக்குலயே சொல்லிருங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை நேரத்துக்கு மறுபடியும் கோயிலுக்குப் போனேன். அண்ணாச்சி மைக்கைக் கொடுக்க யோசித்தார். நான் வாங்கிக்கொண்டேன். முறை தெரியாமல் தட்டு வைத்துவிட்டேன், எனக்கு நானூறு இலைக்குத்தான் சக்தி, வீட்டுக்கு ஒருவர் வந்து பிள்ளையை ஆசீர்வதிக்க வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு சித்தி முறைக்காரி, "சோத்துக்கு ஆள் எண்ணுத கல்யாணத்த இப்பதான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணம் திருச்செந்தூரில் நடந்தது. வீட்டுக்கு ஒருவர் என்றுகூட ஊரார் வரவில்லை. ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள், அவ்வளவுதான். பந்தி மண்டபத்தில் ஊராருக்கென்று இலை போட்ட இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. அண்டாவில் சோறு அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்தார்கள். நான் சமையல்காரரைத் திட்டினேன், அவர் என்ன செய்வார்.

அண்ணாச்சி வந்திருந்தார். மகளுக்குத் திருநீறு பூசினார், மொய் எழுதினார். சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிடுங்க."

"இருக்கட்டும்லே. நானூறுல எனக்கும் ஒண்ணக் கொறைச்சுக்கோ."

கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்க சாப்பிடலன்னா எனக்கு எறங்காது அண்ணாச்சி. எவ்வளவு சோறு கெடக்குன்னு வந்து பாருங்க."

"அதான் மிச்சம் பிடிச்சிட்டியே. சந்தோசமா இரு."

மெதுவாக என் கையை எடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். எனக்கு அவர் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. கடன் இல்லை, பிள்ளை நன்றாக இருக்கிறாள், முருகனிடம் சொன்ன சொல் நிற்கிறது. அன்றைக்கு அவருக்கென்று போட்ட இலையில் நானே உட்கார்ந்தேன். பந்தியில் வேறு ஆளில்லாததால் பரிமாறுகிறவர்கள் எனக்கே திரும்பத் திரும்பச் சோறு வைத்தார்கள். போதும் போதும் என்று கையை மறித்துக்கொண்டே இருந்தேன்.