பூட்டிய வீட்டுக்குள் ஒரு குழந்தை

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெங்களூர் நீலசந்திராவில் குழந்தைகளை எடை பார்த்து வர ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் மெலிந்திருந்தால் அந்தத் தெருக்களுக்கு இலவசப் பால் வரும். இல்லையென்றால் வேறு பேட்டைக்குப் போய்விடும்.

எல்லா வீட்டுக்கும் போக ஆள் இல்லை. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் போகச் சொன்னார் டாக்டரம்மா. நானும் எண்ணினேன். ஆனால் குறித்த வீடு பூட்டியிருந்தால், பழக்கதோஷத்தில் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் நுழைந்துவிடுவேன். வெயிலில் தராசைத் தூக்கித் திரிகிறவளுக்கு எந்த வீடானால் என்ன! போன இடமெல்லாம் உபசாரம்தான். பிள்ளைகளும் கொழுகொழுவென்று இருந்தார்கள். இங்கே பால் தேவையில்லை என்று எழுதி, திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தேன்.

ஞாயிறு காலை மாதா கோயில் வாசலில் ஒரு பெண் என்னை மறித்தாள். மில்லில் வேலை செய்கிறவள். இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை.

"நீங்கதானேம்மா எடை போட வந்தது? எங்க வூட்டுக் கதவத் தட்டிட்டுப் போயிட்டீங்களாமே?"

"பூட்டியிருந்ததேம்மா" என்றேன்.

"பாத்துக்க ஆளில்லம்மா. இவள உள்ள வெச்சிப் பூட்டிட்டுத்தான் மில்லுக்குப் போவேன். அக்கா கதவத் தட்டிச்சு, நான் இருக்கேன் இருக்கேன்னு சொன்னேன், போயிடுச்சுன்னு ஒரே அழுகை."

குழந்தையைக் கையில் வாங்கினேன். தராசே வேண்டியிருக்கவில்லை, அத்தனை லேசு. அவளோ கோபமே இல்லாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பகலில் வீட்டில் அம்மா இருக்கிற பிள்ளைகளை மட்டுமே நான் எடை போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு, "விட்ட வீட்டையெல்லாம் பாத்துட்டு வந்து எழுது" என்று தராசை நீட்டினார்.

மில் சங்கு ஊதிய பிறகு மாலைதோறும் போனேன். பூட்டுகள் திறந்தன. உள்ளே இருந்த பிள்ளைகளில் பலர் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். பால் வந்தது. தாய்மார் வேலைக்குக் கிளம்பும் முன்பே அதைக் கொடுக்க வேண்டும் என்று மன்றாடி அனுமதி வாங்கியது நான்தான். முதல் நாள் வரிசையில் அந்தச் சின்னவள் என்னைப் பார்த்து, "இருக்கேன்" என்று கை தூக்கினாள்.

எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் பூட்டிய கதவைக் கண்டால், ஒரு நிமிடம் நின்று காது கொடுக்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.