கதவோரச் சரம்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறைக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. ஊரார் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சுருட்டி என் அக்கா செய்த திரை. தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இப்படி ஒன்று இருந்தது. மற்ற வீடுகளில் கல்யாணத்துக்கு அழைத்த பத்திரிகை வந்தால்தான் வெட்ட முடியும். எங்களை யாரும் அழைக்க வேண்டியதில்லை. அப்பா ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் எந்திரத்தில் வேலை பார்த்தார். எழுத்து தலைகீழாக விழுந்தது, மை அப்பியது, முகூர்த்த நேரம் தப்பாகப் போனது என்று கழித்துப் போட்ட பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அக்காவின் மடியில் போடுவார்.

அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எனக்கு இருபத்து நான்கு. அவள் பிறந்தது மூல நட்சத்திரம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, மூலத்தில் பிறந்த மருமகள் வந்தால் மாமனார் மண்டையைப் போட்டுவிடுவார் என்று ஒவ்வொரு ஜாதகமும் திரும்பி வந்தது. மாமனார் ஏற்கெனவே செத்துப்போன வீடாகப் பார்க்க வேண்டும். அம்மா அதை வெட்கமில்லாமல் தரகரிடம் சொல்லுவாள். "தகப்பன் இல்லாத பையனாப் பாருங்க அண்ணாச்சி. சொத்து இல்லைன்னாலும் சரி." எங்கேயாவது ஒரு வீட்டில் பெரியவர் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டால், அங்கே கல்யாண வயதில் பையன் இருக்கிறானா என்றுதான் எங்கள் வீட்டில் முதலில் விசாரிப்போம்.

காத்திருந்த வருஷங்களில் அக்கா கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. சிரட்டையைத் தேய்த்து வண்ணமடித்து, கயிற்றில் தொங்கவிட்டு, மணிபிளான்ட் வளர்த்தாள். துருப்பிடித்த டப்பாக்களில் ஓட்டை போட்டு, கிணற்றடியைச் சுற்றி டேபிள் ரோஸ் வைத்தாள். முட்டை ஓட்டில் மீசை வைத்த பொம்மை செய்தாள். வீணாய்ப்போன எதைக் கண்டாலும் எடுத்து வைத்துக்கொள்வாள். வீணாய்ப்போன சாமான்களில் அவளும் ஒன்று என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் ஒருநாள் வாய்விட்டும் சொன்னேன். அவள் கேட்காத மாதிரி டப்பாவுக்கு மண் அள்ளினாள்.

திரைதான் அவளுடைய பெரிய வேலை. பத்திரிகையை வரி வரியாக, நீளவாக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டுவாள். சைக்கிள் கம்பித் துண்டில் வைத்து இறுக்கச் சுருட்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையைத் தடவி ஒட்டுவாள். ஒவ்வொன்றும் இயந்திரத்தில் செய்தது போல இரண்டு முனையும் சமமாக இருக்கும். அந்தக் காகிதப் பாசிமணிகளை நைலான் நரம்பில் கோத்துச் சரம் சரமாகத் தொங்கவிடுவாள். எனக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். என் கையில் எதுவும் படியாது. நான் சுருட்டினால் ஒரு முனை வெளியே பிதுங்கிவிடும்.

"நத்தை தலைய நீட்டுத மாதிரி இருக்குட்டி" என்று சிரித்துவிட்டுப் பிரித்து மறுபடியும் சுருட்டுவாள்.

எனக்கு எரிச்சல் வரும். "அடுத்தவ கல்யாணத்தையெல்லாம் உருட்டி உருட்டி வாசல்ல கட்டுதியே, உன் கல்யாணம் எங்கன இருந்து வரும்?" என்று கேட்பேன்.

"இந்தக் கட்டுல இருந்துதான் வரும், பாத்துக்கிட்டே இரு" என்பாள்.

எனக்கு ஏன் அத்தனை எரிச்சல் என்றால், என்னைக் கேட்டு ஒரு வீட்டார் வந்திருந்தார்கள். சேரன்மகாதேவியில் பள்ளிக்கூட வாத்தியார். பஸ் நிறுத்தத்தில் இரண்டு முறை அவரைப் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது என்று சும்மா சொன்னால் போதாது. அந்த நினைப்பிலேயே கிடந்தேன். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுக்கமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர்களும் நல்லவர்கள்தான், தை மாதம் வரைக்கும் காத்திருக்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு வேறிடம் பார்ப்பார்கள். அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற மூட்டையாகத்தான் எனக்குத் தெரிந்தாள்.

அந்த ஆடி மாதக் கடைசியில் தரகர் நாங்குநேரியில் ஒரு வரனைக் கொண்டுவந்தார். தகப்பனார் இல்லை, அம்மாவும் பையனும் மட்டும். பையனுக்கு முப்பத்து மூன்று வயது, கூட்டுறவுச் சங்கத்தில் உத்தியோகம், நகை இவ்வளவு வேண்டும் என்ற பேச்சே இல்லை. அப்படிப்பட்டவனுக்கு இதுவரை ஏன் கல்யாணமாகவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. விசாரித்தால் ஏதாவது தெரிந்துவிடுமோ என்ற பயம். அப்பாவுக்கும் அந்தப் பயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா உட்காருவதற்கு முன்பே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். திரையின் ஒரு சரத்தைப் பிடித்துச் சுண்டி இழுத்துப் பார்த்தாள்.

"யாரு செஞ்சது?"

"மூத்தவதான். எல்லாம் அவ கைவேலை" என்றாள் அம்மா.

"நல்லது. கைக்கு வேலை இருந்தா வாய்க்கு வேலை இருக்காது" என்றாள் அந்தம்மாள். பையன் இரண்டு கேசரி தின்றான். திரையை விலக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கை கழுவிவிட்டு, அதே திரையை விலக்கிக்கொண்டு வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். நான் அவசரமாகத் திரையைத் தாண்டும்போது கதவோரமாகத் தொங்கிய ரோஸ் நிறச் சரத்தில் வளையல் மாட்டிக்கொண்டது. ஒரு பாசி பசை விட்டுச் சுருள் பிரிந்து என் மணிக்கட்டில் தொங்கியது. அவள் வருவதற்குள் ஒட்டிவிடலாம் என்று எடுத்தேன். அதில் 'நாங்குநேரி காலஞ்சென்ற' என்று ஒரு வரி இருந்தது. தொடர்ந்து ஒரு பெயர். முந்தைய நாள்தான் ஜாதகக் குறிப்பில் பையனின் தகப்பனார் பெயராக அதைப் பார்த்திருந்தேன்.

தரையில் உட்கார்ந்து அடுத்த பாசியையும் பிரித்தேன். அப்புறம் அதற்கு அடுத்தது. மொத்தம் ஏழு. வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி வைத்தால் பாதிப் பத்திரிகை வந்துவிட்டது. பையன் பெயர், படிப்பு, மணமகள் பெயர். அவள் பெயரில் ஓர் எழுத்து தலைகீழாக விழுந்திருந்தது. அதனால்தான் அந்தக் கட்டு கழிக்கப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆவணி.

எனக்கு முதலில் வந்தது கோபம். அவன் மேல் இல்லை, அக்கா மேல். வெட்டுவதற்கு ஊரில் வேறு காகிதமா கிடைக்கவில்லை என்று. பிறகு ஏழையும் சுருட்டிப் பசை தடவி, நரம்பில் கோத்துத் தொங்கவிட்டேன். ஏழும் ஒரு முனை பிதுங்கித்தான் இருந்தன. கதவோரம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்.

பத்திரிகை அடித்தால் கல்யாணம் நடந்துவிட்டதாக அர்த்தமா, நின்றுபோயிருக்கலாமே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானத்தோடு நிறுத்தியிருந்தால்கூட எனக்கு இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். நிறுத்தவில்லை. நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்த நிலையத்தில் நாங்குநேரிக்காரி ஒருத்தி என்னோடு வேலை பார்த்தாள். திங்கள்கிழமை சாப்பாட்டு நேரத்தில், யாருக்கோ கேட்கிற மாதிரி அவளிடம் கேட்டேன்.

"ஆமா, கல்யாணம் நடந்துச்சே" என்றாள் அவள். "அந்தப் பிள்ளைய மூணே மாசத்துல அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாவ. முறைப்படி தீத்துக்கூட விடலை. மாமியாக்காரி கரண்டியக் காய வச்சுக் கையில இழுத்தாள்னு பேச்சு. யாருக்குட்டி கேக்க?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றேன். டப்பாவில் மிச்சமிருந்த புளியோதரையை முழுக்கச் சாப்பிட்டேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் அக்கா வேலை எதுவானாலும் திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தாள். அரிசி புடைத்தாள், பூக் கட்டினாள், ரவிக்கைக்குக் கொக்கி தைத்தாள். நான் போகும்போதும் வரும்போதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். கல்யாணக் களை என்று அம்மா சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது அக்கா கேட்டாள்.

"ஏட்டி, எங்கிட்ட எதும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்று பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்குத் தட்டை முன்னறைக்கு எடுத்துப்போனது நான்தான். ஆவணியில் கல்யாணம் நடந்தது. சேரன்மகாதேவிக்காரர்களும் வந்து சாப்பிட்டார்கள். பாயசம் நன்றாக இருக்கிறது என்று வாத்தியாரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை.

அவள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் கவனித்தேன். திரையில் கதவோரச் சரம் இல்லை. கல்யாணக் கூட்டத்தில் யாரோ அறுத்துவிட்டார்கள், பெருக்கும்போது குப்பையோடு போயிருக்கும் என்றாள் அம்மா. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அப்பாடா, தொலைந்தது சனியன்.

நாங்குநேரியில் இருந்து கார்டு வரும். சௌக்கியம், நீங்கள் சௌக்கியமா என்று இரண்டு வரி. தீபாவளிக்கு அவர்கள் அவளை அனுப்பவில்லை. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்லா இருக்கா என்றார். அதற்குமேல் அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிணற்றடியில் அவள் வைத்த டேபிள் ரோஸ் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. என் புடவைக்கு எந்தக் கரை எடுப்பது என்பதில் வீடு மும்முரமாக இருந்தது.

தை மாதம் என் கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். அன்று காலையில் பஸ்ஸில் இருந்து இறங்கி, தனியாக, கையில் ஒரு வயர் கூடையோடு மண்டபத்துக்குள் நுழைந்தாள். இளைத்திருந்தாள். முழங்கை வரைக்கும் இறங்கிய ரவிக்கை போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் போட்டதில்லை. நான் அலங்காரம் முடிந்து மணப்பெண் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மாவையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் கூடையை என் மடியில் வைத்தாள்.

"அவ பின்னுனது" என்றாள்.

"எவ?"

"மூத்தவ. எனக்கு முன்னால அந்த வீட்டுக்கு வந்தவ. பரண்ல பாதில கெடந்துச்சு. மிச்சத்த நான் முடிச்சேன். பாரு, அடிப்பாதி அவ கை, மேல்பாதி என் கை."

பார்த்தாலே தெரிந்தது. கீழே முடிச்சுகள் தளர்ந்து சற்றுக் கோணலாக இருந்தன. ஒரு வரிசையில் இருந்து இறுக்கமாகவும் சமமாகவும் மாறின. கூடைக்குள் வெற்றிலைக் கட்டு இருந்தது. "எடுத்துப் பாரு" என்றாள். வெற்றிலையைத் தூக்கினேன். அடியில் ரோஸ் நிறச் சரம் சுருண்டு கிடந்தது. அதில் ஏழு பாசி முனை பிதுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன முழிக்க? உன் கைவேலைதான்" என்றாள் அக்கா.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்று எப்படியோ கேட்டேன்.

"ஒவ்வொரு பத்திரிகையும் வாசிச்சிட்டுத்தானட்டி வெட்டுவேன். ஜாதகத்துல பேரப் பாத்தவுடனே தெரிஞ்சிட்டு."

"பெறவு ஏன் நீ சொல்லலை?"

அவள் என் நெற்றிச் சுட்டியை நேராக்கினாள். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன்.

"நான் சொன்னா, இருபத்தெட்டு வயசுல இவளுக்கு ஆட்டத்தப் பாருன்னு சொல்லுவாவ. வேற யாராவது சொன்னா, எனக்காகச் சொல்ல ஒரு ஆள் இருக்குன்னு ஆவும்லா. ஞாயித்துக்கெழம அந்தச் சரத்தப் பாத்தேன். ஏழும் நத்தை மாதிரி இருந்துச்சு. அட, நம்ம தங்கச்சி பாத்துட்டா, இனிமே சொல்லிருவான்னு எனக்கு ஒரே சந்தோசம். வெள்ளிக்கெழம நீ தட்டத் தூக்கிட்டு வார வரைக்கும் காத்திருந்தேன்."

வெளியே மேளம் மாறியது. பெண்ணை அழைத்துவரச் சொல்லிக் குரல் கேட்டது. அக்கா சரத்தை மறுபடியும் கூடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் வெற்றிலையை அடுக்கினாள். கையைத் தூக்கி என் தலையில் பூவைச் சரிசெய்தபோது ரவிக்கைக் கை மேலே ஏறியது. பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எந்திரிட்டி, நேரமாவுது" என்று அவள்தான் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மணையில் உட்கார வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றாள். தாலி ஏறும்போது நான் அழுதேன். அக்காவை நினைத்து அழுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். பொய். தை முடிவதற்குள் நடந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில்தான் அழுதேன். அது பின்னால் நின்றவளுக்கும் தெரியும்.