குளிரில் கிடந்தவை

சிதம்பரத்தில் எங்கள் தெருவிலேயே முதல் ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அதனால் எங்கள் பால், தயிரோடு எதிர்வீட்டுத் தையல்காரர் மகளின் ஊசி மருந்தும் அதில் இருந்தது. அவளுக்கும் என் வயதுதான், பத்து. சர்க்கரை நோய். தையல்காரர் புதுச்சேரிக்குப் போய் இன்சுலின் குப்பிகளை மொத்தமாக வாங்கி வருவார். காலையில் அவள் அம்மா வருவார். நான் ஒரு குப்பியை எடுத்துக் கொடுப்பேன். ஊசி போட்டதும் திருப்பித் தந்துவிடுவார்.

அந்த வருடம் என் தாய்மாமா எங்களோடு வந்து தங்கினார். நெய்வேலியில் ஒரு ஜெர்மன் என்ஜினீயர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். துரை ஊர் திரும்பியதும் வேலை போயிற்று. துரையிடம் அவர் கற்று வந்த ஒரே வித்தை பீர் காய்ச்சுவது. அப்போது மதுவிலக்கு. ரயில்வேயில் இருந்த அப்பா வாரம் ஒருமுறைதான் வருவார். தெரிந்தால் மாமாவின் பெட்டி தெருவில் கிடக்கும். பார்லிக் கஷாயம் என்று அம்மாவிடம் சொல்லப்பட்டது. அம்மாவும் நம்பியதுபோல் இருந்துவிட்டார்.

"இது மாசக்கணக்குல குளுர்ல தூங்கணும் மாப்ள. மார்கழித் தேருக்கு முன்னாடி தொறந்தா வெறும் கழனித்தண்ணி," என்றார் மாமா. பாட்டில்களுக்கு இடம் செய்ய மருந்தை ஐஸ் பெட்டிக்கு அடியில் தள்ளினார். குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினார்.

சில நாளில் பீர் பீராகவே இருந்தது; குப்பிக்குள் மருந்து கட்டியாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னால் குமிழைத் திருகியது யார் என்று கேள்வி வரும், அது அப்பாவரை போகும், மாமா போய்விடுவார். என்னை சைக்கிளில் கிள்ளைவரை கூட்டிப்போய்ப் படகு காட்டியவர் அவர் ஒருவர்தான். குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். உருகி, பழையபடி அசைந்தது. ஐஸ் உருகினால் தண்ணீர், மருந்து உருகினால் மருந்து என்று நினைத்தேன். அதன்பின் தினமும், அவள் அம்மா வருமுன் எழுந்து இதைச் செய்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஐப்பசியில் அவள் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

"இன்னொரு சொம்பு குடுடா."

"எங்க வூட்டுக் கெணறு வத்திடும்டி."

"வத்துனா உன் வாயத் தொறந்து ரொப்பிக்கோ. அதான் ஓயாம ஊத்துதே."

இருவரும் சிரித்தோம். தையல்காரர் அவள் சட்டையைப் பிடித்துத் தைத்தார். சில வாரத்தில் மறுபடியும் பிடித்துத் தைத்தார்.

"வேளா வேளைக்கு ஊசி போடுறோமே அக்கா, ஏன் இப்பிடி எளைக்குது?" என்று அவள் அம்மா என் அம்மாவிடம் கேட்டபோது, நான் குப்பியோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஒரு காலையில் அவள் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் உடலாகத்தான் வந்தாள். பாடை தூக்கியவர்களில் மாமாவும் ஒருவர். அவருக்கும் எதுவும் தெரியாது.

மிச்சக் குப்பிகளை எடுத்துப்போகும்படி அம்மா சொன்னபோது அவள் அம்மா தலையாட்டி மறுத்தார். "இருக்கட்டும் அக்கா. வேற எந்தப் புள்ளைக்காச்சும் ஆவட்டும்." நானே அவற்றை ஐஸ் பெட்டிக்கு அடியில் பத்திரமாகத் திரும்ப வைத்தேன்.

உறைந்த இன்சுலின், உருகினாலும் வேலை செய்யாது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அதற்குள் மாமா இறந்திருந்தார். அவள் பெற்றோர் ஊர் மாறியிருந்தார்கள். தேடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை.

அவள் போன அந்த வருடமே, தை மாதம் மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர், விஷயம் கேள்விப்பட்டு, தன் மகனுக்காக அந்தக் குப்பிகளை வாங்கிப்போக வந்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒவ்வொன்றாக உருக்கி, ஈரத்துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தப் பையனின் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.